திருப்பி அனுப்பக்கூடிய சட்டை

எங்கள் சந்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. வீட்டு வாசலில் பார்சல்காரர் வண்டியை நிறுத்தினால் போதும், எதிர்வீட்டிலிருந்து குரல் வரும்: "ஓசியில குடுத்தா பினாயிலையும் குடிப்பா, தள்ளுபடின்னா பாட்டிலையும் சேத்து முழுங்குவா." என் வீட்டுக்காரர் அதற்கும் ஒரு படி மேலே. "அந்தத் தம்பி பேரையும் நம்ம ரேஷன் கார்டுல சேத்துடு, நம்மளவிட அவந்தான் இந்த வீட்டுக்கு அதிகமா வரான்" என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். சொன்ன வாயெல்லாம் மறுநாள் என்னிடம்தான் வந்து, "அந்தக் குக்கரு இப்ப இன்னா வெலைன்னு கொஞ்சம் பாத்து சொல்லேன்" என்று கேட்கும்.

நான் எட்டாவதோடு நின்றவள். செல்போனில் சாமான் வாங்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தப்புப் பண்ணித்தான் கற்றுக்கொண்டேன். முதன்முதலாக வாங்கிய தோசைக்கல் காபி டம்ளருக்கு மூடி போடுகிற அளவில் வந்து சேர்ந்தது. படத்தில் பெரிதாகத்தான் இருந்தது, படத்தில் யானையும் எலியும் ஒரே அளவுதானே. அன்றைக்கு எங்கள் உப்பளம் பகுதியே சிரித்தது. அப்புறம்தான் அளவு பார்க்க, மற்றவர்கள் எழுதியிருப்பதைப் படிக்க, சாமானைக் கூடையில் போட்டுவிட்டு விலை இறங்குகிறவரை பொறுமையாக இருக்க என்று ஒவ்வொன்றாகப் பழகினேன். கடையில் வாங்குவதைவிட மிச்சம்தான். அதை நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் கடையின் அந்தப்பக்கத்தையும் பார்த்தவள் நான். முட்டிவலி வருகிறவரை நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் நின்று வேலை செய்தவள். நின்று என்றால் நின்றுதான், உட்காரக்கூடாது. உட்கார்ந்தால் வியாபாரம் உட்கார்ந்துவிடும் என்பார் எங்கள் முதலாளி.

அந்தக் கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு பலகை தொங்கும். விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்படமாட்டாது. அந்தப் பலகைக்குக் கீழேதான் மீன்கார அக்காவின் கதை தொடங்கியது.

அக்கா எங்கள் சந்தில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். விடிவதற்கு முன்பே தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, உப்பளத்துத் தெருமுனையில் உட்கார்ந்து விற்பாள். அவள் புருஷன் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஒரே பையன். அவன் கடலுக்குப் போகவில்லை. லாஸ்பேட்டையில் டிப்ளமா படித்து, ஓசூர் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அதில் யாருக்கும் வருத்தமில்லை. "அலைகூட மாரடிக்கிறது எங்களோட போவட்டும்" என்று அவன் அப்பாவே சொல்லி அனுப்பிவைத்தார்.

அவர் திடீரென்று நெஞ்சுவலியில் போய்விட்டார். பையனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்களாம், வெளியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்களாம். அவன் ஷிஃப்ட் முடிந்து சேதி தெரிந்து, பஸ் மாறி மாறி வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். சித்தப்பாதான் கொள்ளி வைத்தார். பையன் வாசலில் வந்து நின்றபோது பந்தல் மட்டும்தான் இருந்தது. துக்கத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் முன்னால் அக்கா அவனைப் பார்த்துச் சொன்னாள்: "இப்பதான் ஊட்டுக்கு வழி தெரிஞ்சுதா? வந்த வழியே போடா."

அவன் போகவில்லை. காரியம் முடிகிறவரை தலையைக் குனிந்துகொண்டு எல்லாம் செய்தான். முடிந்த மறுநாள்தான் போனான். போனவன் போனவன்தான். போன் பண்ணுவான், மாசாமாசம் பணம் போடுவான், சாப்பிட்டியா என்று கேட்பான். வாடா என்றால் மட்டும், "பாக்கலாம்மா."

சொன்ன சொல் வலை மாதிரி இல்லை, வீசிவிட்டு இழுத்துக்கொள்ள முடியாது என்று அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னாள். அதைத் தவிர அந்த நாளைப் பற்றி அவள் பேசிக் கேட்டதில்லை.

செத்த வீட்டில் முதல் வருஷம் பண்டிகை கிடையாது. அதற்கடுத்த தீபாவளிக்கு அக்கா எங்கள் கடைக்கு வந்து பையனுக்கு ஒரு சட்டை எடுத்தாள். எங்கள் பக்கத்தில் தீபாவளிப் புதுத்துணியை முதலில் செத்தவர்களுக்குத்தான் படைப்போம். படத்துக்கு முன்னால் இலை போட்டு, வடை, கறிக்குழம்பு, அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்து, பக்கத்தில் துணியையும் வைத்துக் கற்பூரம் காட்டுவோம். அப்புறம் வீட்டில் பெரியவர்கள் துணியின் ஓரத்தில் மஞ்சள் தொட்டு எடுத்துக் கொடுக்க, பிள்ளைகள் உடுத்துவார்கள். செத்தவர் கையால் கொடுத்த மாதிரி. அப்பன் கையால் மகனுக்கு ஒரு சட்டை போய்விட்டால், அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று அக்கா நினைத்திருந்தாள். ஆகியிருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

அவன் வரவில்லை. பண்டிகை கழிந்து அக்கா சட்டையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"மொதலாளி, பையன் வரல. மஞ்சகூட தொடல, மடிப்புகூட கலைக்கல. திருப்பி எடுத்துக்கங்க."

முதலாளி பலகையைக் காட்டினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது."

"அதான் நான் சொல்றேன்ல, யம்மா? வித்தது வித்ததுதான்."

"நான் வித்த மீனு கெட்டுருந்தா, கொண்டாந்து மூஞ்சில அடிச்சிட்டு காச வாங்கினு போறீங்க இல்ல? கெட்ட மீன நான் திருப்பி எடுத்துக்கறேன். கெடாத சட்டைய நீ எடுத்துக்க மாட்டியா?"

கடையே சிரித்தது. முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிப்பு வேறு, கல்லா வேறு. பணம் தரமுடியாது, அதே விலைக்கு வேறு ஏதாவது எடுத்துக்கொள் என்றார். அக்கா துண்டு எடுத்துக்கொண்டாள். அடுத்த தீபாவளிக்கும் சட்டை எடுத்தாள், அதுவும் துண்டாயிற்று. தலை துவட்ட ஒரு தலைதான் இருக்கிற வீட்டில் கொடி நிறையத் துண்டு.

அதற்குள் என் முட்டி போய், நான் வேலையை விட்டு, கையில் போனோடு உட்கார்ந்துவிட்டேன். ஒருநாள் மீன் வாங்கப்போன இடத்தில் பேச்சுவாக்கில் சொன்னேன்: "போன்ல வாங்கினா பிடிக்கலன்னா திருப்பி எடுத்துக்கறாங்கக்கா. வீட்டுக்கே வந்து வாங்கினு போறாங்க. காசும் வந்துடுது."

செதில் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "முழுக் காசுமா?"

"முழுக் காசும்."

"ஏன் திருப்பறேன்னு கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க. அளவு சரியில்ல, கலர் சரியில்லன்னு நாலஞ்சு காரணம் அதுலயே இருக்கும். ஒண்ண அழுத்தினா போதும்."

"பையன் வரலன்னு இருக்குமா?"

சிரிக்கத்தான் சொன்னாளோ என்னவோ. அவளும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

அந்த வருஷத்திலிருந்து தீபாவளித் தள்ளுபடி போட்டதும் அக்கா மீன்கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்காருவாள். சட்டையாகப் பார்த்துக்கொண்டே போவோம். "இது வேணாம், பொட்டப்புள்ள கலரு." "இவன் யாரு, சட்டை போட்டினு நிக்கறவன்? நம்ம புள்ள இவனவிட லட்சணம்." கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பாள். திருப்பி அனுப்பலாம் என்று போட்டிருக்கிறதா என்று என்னை இரண்டு தடவை பார்க்கச் சொல்வாள். வந்ததும் அட்டையோடு, கழுத்தில் தொங்குகிற சீட்டோடு, அப்படியே அப்பன் படத்துக்கு முன்னால் படையலில் வைப்பாள். மஞ்சள் தொடமாட்டாள். தொட்டால் திருப்ப முடியாது.

எனக்கு முதல் வருஷம் மனசு கேட்கவில்லை. "ஏங்கா, செத்தவருக்குப் படைச்சத போயி திருப்பி அனுப்பலாமா? கடைத் தேங்காய எடுத்து வழிப் பிள்ளையாருக்கு ஒடச்ச கதையா இல்ல இருக்குது?"

"ஒடைச்சாதானேடி தப்பு?" என்றாள். "நான் காட்டிட்டு திருப்பி வெச்சிடறேன். அவரு பாத்துட்டாரு. போதும்."

திருப்பி எடுத்துப்போக வருகிறவர் எங்கள் சந்துக்கு எப்போதும் வருகிற ஆள்தான், மூக்கு கூர்மையான மனுஷர். அக்கா வீட்டு வாசலில் பெட்டியைத் திறந்ததும் மோந்துபார்த்தார். "இன்னாக்கா, சட்டை கோயில் மாதிரி மணக்குது?"

"சாம்பிராணி போட்டோம் தம்பி, கொசுவுக்கு" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், அவள் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து சட்டையைப் படம் பிடித்தார். "கம்பெனிக்கு போட்டோதான்க்கா வேணும். போட்டோவுல வாசனை தெரியாது" என்று சொல்லிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

இப்படியே வருஷங்கள் போயின. சட்டை வரும், படையலில் இருக்கும், திரும்பிப் போகும். பணம் என் கணக்குக்கு வந்ததும் நான் எடுத்துக் கொடுப்பேன். அக்கா அதை வாங்கிக்கொள்ளும்போது ஒவ்வொரு தடவையும், "பாரு, ஒரு பைசா நட்டமில்ல" என்பாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று நான் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "கல்லுன்னு எவன்டி சொன்னவன்? கல்லா இருந்தா வெச்ச எடத்துல இருந்திருக்குமே."

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவன் வருகிறேன் என்றான். "பாக்கலாம்" இல்லை. "வர்றேம்மா" என்றே சொன்னான். அக்கா தெருமுனையில் மீன் பாதி விற்றிருக்கும்போதே கூடையோடு எழுந்து ஓடிவந்து என்னிடம் சொன்னாள். சட்டை பார்க்கும்போது, எதற்கும் அளவு கேட்டுக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். போன் போட்டுக் கேட்டாள். பேசி முடித்து வைத்தாள்.

"இன்னாக்கா சொன்னான்?"

"நாம போட்டத விட ரெண்டு அளவு பெருசு சொல்றான்." தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "இத்தன வருஷமும் நான் எடுத்த சட்டை ஒண்ணுமே அவனுக்குப் பத்தியிருக்காது, இல்ல?"

பெரிய அளவில் நீலச் சட்டை ஒன்று வந்தது. அந்த வருஷம் படையல் போட்டுக் கற்பூரம் காட்டிய கையோடு, அவள் சட்டையின் அட்டையை உருவி எறிந்தாள், ஊசிகளைப் பிடுங்கினாள், கழுத்துப்பட்டையின் உள்பக்கம் மஞ்சள் தொட்டு வைத்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "பையன் வந்தப்புறம் வைக்கலாமேக்கா" என்று நுனிநாக்குவரை வந்தது. சொல்லவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது.

மத்தியானம் போன் வந்தது. ஒரு ஆள் லீவ் போட்டுவிட்டானாம், இவனை ஷிஃப்டில் போட்டுவிட்டார்களாம். பொங்கலுக்குப் பாக்கலாம்மா என்றான். அக்கா, "சரிப்பா, வேலையப் பாரு, சாப்ட்டியா?" என்று கேட்டாள். குரலில் ஒன்றுமே தெரியவில்லை. வைத்துவிட்டு இலையை எடுத்து, கறியை எங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். அவள் ஒரு வாய் வைக்கவில்லை.

அந்தச் சட்டையை அவள் யாருக்கும் கொடுக்கவுமில்லை, என்னிடம் திருப்பச் சொல்லவுமில்லை. வழக்கமான நாள் வந்தபோது பார்சல்காரர் தானாகவே சந்தில் வண்டியை நிறுத்தி, "இந்த வருஷம் ஒண்ணும் இல்லையாக்கா?" என்று கேட்டார். அக்கா வாசலில் நின்று, "இல்ல ராஜா, இந்த வருஷம் அளவு சரியா இருந்துச்சி" என்றாள்.

பொங்கலுக்கும் அவன் வரவில்லை. அதற்கடுத்த தீபாவளிக்கு அக்கா சட்டை பார்க்கவே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இந்த வருஷம் தள்ளுபடி போட்ட அன்று பழையபடி வந்து உட்கார்ந்தாள். ஒரு சட்டையை அதிகம் யோசிக்காமல் எடுத்தாள். நான் வாங்கு என்கிற இடத்தை அழுத்தப்போனபோது கேட்டாள்:

"இது அங்கேயே போவுமா?"

"எங்கக்கா?"

"அவன் இருக்கற எடத்துக்கே."

போகும். இந்தியாவில் எந்த மூலைக்கும் போகும். ஒவ்வொரு தடவையும் இந்த விலாசத்துக்கா, வேறு விலாசத்துக்கா என்று அதுவே கேட்கும். இத்தனை வருஷமும் நான் நம் விலாசத்தை அழுத்திவிட்டுக் கடந்துபோவேன். அவளிடம் சொன்னதில்லை. ஓசூருக்கே சட்டையை அனுப்ப முடியும் என்று சொல்வது, அவன் வரமாட்டான் என்று சொல்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. அதை அவளே வந்து அடையட்டும், நாம் கொண்டுபோய் விடவேண்டாம் என்று இருந்தேன். அடைந்துவிட்டாள்.

"வெலாசம் வேணுமேக்கா" என்றேன். அவளிடம் மகனின் விலாசம் இல்லை. அவன் அங்கே போய்ச் சேர்ந்ததிலிருந்து அவளுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. அவனுக்கல்லவா அவள் விலாசம் தெரிந்திருக்கவேண்டும், வருவதற்கு.

போனை ஸ்பீக்கரில் போட்டாள். தீபாவளிக்குச் சட்டை அனுப்பலாம் என்று இருக்கிறேன், விலாசம் சொல்லு என்றாள். அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். சந்தோஷம்கூட இல்லை, தலையில் இருந்த மூட்டையை இறக்கிவைத்தவன் விடுகிற மூச்சு. கடகடவென்று சொன்னான். தெரு, மாடி, பக்கத்தில் என்ன கடை, பின்கோடு எல்லாம். நான் தட்டத் தட்ட, "சரியா போட்டீங்களா சித்தி?" என்று என்னிடம் வேறு கேட்டுக்கொண்டான். முடித்துவிட்டுச் சொன்னான்:

"இதையே முன்னாடியே பண்ணிருக்கலாம்லம்மா? உனக்கும் அலைச்சல் மிச்சம்."

"ஆமாம்பா" என்றாள் அக்கா. "மிச்சம்தான்."

இரண்டொரு நாளில் சட்டை போய்ச் சேர்ந்தது. சேர்த்துவிட்டால் வாசலில் வைத்துப் படம் பிடித்து அனுப்புவார்கள், அத்தாட்சிக்கு. படம் என் போனுக்கு வந்தது. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் அக்காவிடம் நீட்டினேன். பெட்டி பத்திரமாகப் போய்விட்டது என்று காட்டத்தான். வேறெதையும் நான் கவனிக்கவில்லை.

அக்கா பெட்டியைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள். மகன் இருக்கிற வீட்டை முதன்முதலாக அன்றைக்குத்தான் பார்க்கிறாள். பச்சைக் கதவு. நிலைப்படிக்கு முன்னால் சின்னதாக ஒரு கோலம்.

"இத பெருசு பண்ணு" என்றாள்.

பெரிதாக்கினேன். இழை கோணாமல் போட்ட கோலம். பெட்டியின் ஓரத்தில் பாதி மறைந்து இரண்டு ஜோடிச் செருப்பு. ஒன்று ஆம்பளைச் செருப்பு. இன்னொன்று சின்னது, வாரில் பூ வைத்தது.

"வீட்டு ஓனருங்க போட்டிருப்பாங்கக்கா" என்றேன்.

"மாடியிலன்னு சொன்னானே. வீட்டுக்காரம்மா மாடியேறி வந்து குடித்தனக்காரனுக்குக் கோலம் போட்டுட்டு, செருப்பையும் உட்டுட்டுப் போவாளா?"

நான் போனை வாங்கப் பார்த்தேன், தரவில்லை. மீன் கழுவின ஈரக்கை, திரையில் விரல் பட்டுப் படம் நகர்ந்து நகர்ந்து போயிற்று. அவள் மறுபடி மறுபடி அந்தச் செருப்புக்கே இழுத்துக்கொண்டு வந்தாள்.

"எனக்குச் சொல்லலையே" என்றாள். ஒரே ஒரு தடவைதான்.

சந்தில் எதிர்வீட்டுக்காரி யாரையோ திட்டிக்கொண்டு போனாள். அக்கா சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள், முகத்தையும் அதே தலைப்பால் துடைத்துக்கொண்டாள். போன் போட்டுக் கேட்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். "ஒருக்கா நான் வாசல்ல வெச்சிக் கேட்டதுக்கே இத்தன வருஷம் ஆச்சி. அவனா சொல்லட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து, "தீபாவளிக்குள்ள இன்னொண்ணு போட்டா போய்ச் சேந்துடுமா?" என்று கேட்டாள்.

"சேந்துடும்."

"பொடவையாப் பாரு."

பார்த்தேன். ஆயிரம் புடவை வந்து விழுந்தது. அந்தப் பெண் கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா, புடவை கட்டுகிற பழக்கம் உண்டா, அக்காவுக்குத் தெரியாது. ஒரு பேர்கூடத் தெரியாது. பார்சலில் யார் பேரைப் போடுவது என்று கேட்க நினைத்து, மகன் பேரையே போட்டுக்கொள்ளலாம் என்று நானே விட்டுவிட்டேன். பழகிய விரல், விலை குறைந்ததை முதலில் காட்டு என்கிற இடத்துக்குத் தானாகப் போயிற்று.

அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்தப் பக்கம் வேணாம்" என்றாள். "மேல் வெலைல இருந்து காட்டு."